ஆமை கரையேறவில்லை

“அம்மா, ஆமை சாப்பிட மாட்டேங்குது.”

மாசிலாமணி தவமணி அம்மையின் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அம்மை அந்தத் தெருவில் தியானம் சொல்லித் தருபவர். என்ன கஷ்டம் என்றாலும் தெருக்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள். மாசிலாமணியைவிட வயதில் இளையவர்.

“உட்காருங்க ஐயா.”

“உட்கார நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் வர்றா. அது அவளோட ஆமை. ஊர் மாறிப் போறப்போ என்கிட்டே விட்டுட்டுப் போனா.”

“தொட்டி எப்படி இருக்கு?”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் அவர் சொன்னார்.

நீந்தப் போதுமான ஆழம். தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு வடிகட்டி. ஏறி உட்காரக் கல். கல்லுக்கு மேல் சூட்டு விளக்கு. எல்லாம் மகள் அல்லி வைத்துவிட்டுப் போனவை.

கல்லை அவர் இடப்பக்கம் நகர்த்தினார். பிறகு வலப்பக்கம். வடிகட்டி சத்தம் போடுகிறது என்று புதிது வாங்கினார். விளக்கை ஒரு விரற்கடை இறக்கினார். மறுநாள் அரை விரற்கடை ஏற்றினார்.

“ஆமை என்ன பண்ணுது?”

“அடியிலேயே கிடக்கு. கல்மேல ஏறுறதே இல்லை. ஓட்டுல பாசி பிடிக்குது.”

“பிழைக்குமா?”

மாசிலாமணி தெருவைப் பார்த்தார்.

“அல்லி என்கிட்டே எதையும் கொடுக்க மாட்டாம்மா. கொடுத்தா திருத்திடுவேனாம். கல்யாணப் பத்திரிகையைக்கூட எனக்குக் காட்டாமத்தான் அச்சுக்குக் கொடுத்தா. நம்பிக் கொடுத்தது இந்த ஒண்ணுதான்.”

அம்மை எழுந்தார்.

“வாங்க, பார்ப்போம்.”

வீட்டுக்குள் நுழைந்ததும் மாசிலாமணி தொட்டிக்குள் கையை விட்டுக் கல்லை நேராக்கினார். ஆமை மூலையில் ஒடுங்கியது.

“ஐயா, ரெண்டு டம்ளர் தண்ணி வேணும்.”

கொண்டுவந்தார். அம்மை இரண்டையும் விளிம்புவரை நிரப்பினார்.

“தொட்டி முன்னால உட்காருங்க. கையை நீட்டுங்க.”

ஒவ்வோர் உள்ளங்கையிலும் ஒரு டம்ளரை வைத்தார்.

“சிந்தினா என்னம்மா ஆகும்?”

“தரை நனையும்.”

“எவ்வளவு நேரம்மா?”

அம்மை பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மாசிலாமணிக்கு மூக்கு அரித்தது. கால் மரத்தது. டம்ளர்களில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது.

“அம்மா, தொட்டியில அந்த வெப்பமானி கோணலா இருக்கு. நீங்களாவது கொஞ்சம்…”

“எனக்குக் கண்ணாடி போடாம ஒண்ணும் தெரியாது.”

அவர் பெருமூச்சு விட்டார். வலது டம்ளர் சிந்தியது.

வெகுநேரம் கழித்து ஒரு மூக்கு மேலே வந்தது. கன்னத்தில் சிவப்புக் கோடு. ஆமை கல்லின் ஓரத்தைப் பற்றியது. ஏறியது. வழுக்கியது.

மாசிலாமணியின் கைகள் தாமாகவே முன்னே போயின. இரண்டு டம்ளரும் மடியில் கவிழ்ந்தன. ஆமை அடியில் மறைந்தது.

“நான் பிடிக்கத்தாம்மா போனேன்.”

“ஆமாம்.”

அம்மை டம்ளர்களை மறுபடி நிரப்பிக் கையில் வைத்தார்.

வேட்டி ஈரம். விசிறிக் காற்றில் குளிர்ந்தது. அவர் அசையவில்லை.

ஆமை வந்தது. பற்றியது. வழுக்கியது.

அவருடைய விரல்கள் டம்ளரை இறுக்கின. அங்கேயே நின்றன.

ஆமை தொங்கிக்கொண்டு காலை உதைத்தது. மறுபடி உதைத்தது. மேலே வந்துவிட்டது.

விளக்கின் சூட்டில் நெடுநேரம் கிடந்தது. கழுத்தை நீட்டியது. பின்னங்கால்களைப் பின்னால் விரித்தது. பிறகு தண்ணீரில் சரிந்து, காலையில் போட்ட தீனியில் ஒன்றைக் கவ்வியது.

அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் அம்மையைப் பார்த்தார். அம்மை மெல்ல வந்து போனை எடுத்து, அவர் காதில் வைத்தார்.

“அப்பா, இன்னைக்காவது ஆமை சாப்பிட்டுச்சா?”

“சாப்பிடுது,” என்றார் மெல்லிய குரலில்.

“நிஜமாவா? என்ன மாத்தினீங்க?”

“ஒண்ணும் மாத்தலைம்மா.”



“அப்பா,” என்றாள் அல்லி, “உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”