இறக்க முடியாத பல்லக்கு

முன்னொரு காலத்தில், ஒரு மலை ஏறி, அதற்கு மேல் இன்னொரு மலை ஏறி, அதற்கும் மேல் ஒரு மலை ஏறினால் வருகிற இமயத்துச் சரிவில், தேவல்கோட் என்று ஓர் ஊர் இருந்தது. சொல்லும்போதே மூச்சு வாங்குகிறது, போனவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்! ஊரின் கீழே சிவன் கோயில், நடுவில் நாராயணன் கோயில், உச்சியில் தேவி கோயில். மூன்றும் பழைய கற்கோயில்கள். சுற்றிலும் தேவதாரு மரங்கள். பார்த்தால் கண் குளிரும் என்பார்கள். ஆனால் ஏழு வருஷமாக அந்த ஊரில் யாருக்கும் கண் குளிரவில்லை. தேவியின் பல்லக்கைப் பார்த்தால் எல்லோருக்கும் பயம்.

நாலு பேர் அந்தப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு கீழ்க்கோயிலிலிருந்து மேல்கோயிலுக்கு ஏறினார்கள். மேலேயிருந்து கீழே இறங்கினார்கள். ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். பைரூ என்ற மந்திரவாதி போட்ட சாபம் அது. "இந்தப் பல்லக்கு மண்ணில் பட்டால் தூக்கிய நாலு பேரும் கல்லாகிப் போவீர்கள்!" என்று சொல்லிவிட்டு மறைந்துவிட்டான். தண்டு தோளோடு ஒட்டிக்கொண்டது. நின்றால் பல்லக்கு கனத்துக்கொண்டே போகும். நடந்தால்தான் தாங்க முடியும். ஆகவே நடந்துகொண்டே சாப்பிட்டார்கள், நடந்துகொண்டே தூங்கினார்கள்.

ராஜா கியான்பாலும் சும்மா இருக்கவில்லை. பல்லக்கை இறக்கி வைக்க மரத்தில் மேடை போட்டார், செங்கல்லில் போட்டார், செம்பில் போட்டார். பல்லக்கு கிட்டே வந்ததும் மூன்று மேடையும் சேற்றில் எருமை இறங்குகிற மாதிரி மண்ணுக்குள் இறங்கிவிட்டன. தோள் மாற்றிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. தோள் கொடுப்பவரைத் தண்டு பிடித்துக்கொண்டு பழையவரை விட்டுவிடும். அது தெரிந்ததும் ஊரார் என்ன செய்தார்கள்? பல்லக்கு வரும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊருக்கு உபதேசம் எல்லோரும் செய்வார்கள், தோள் கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது.

அந்த ஊருக்குத் தெற்கேயிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் பேராச்சி. பொருநை ஆற்றங்கரைக்காரி. நாலு வருஷத்துக்கு முன்பு, இமயத்துக் கோயில்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்ட அவள் கணவன் ஆவுடையப்பன் திரும்பவே இல்லை. அவனைத் தேடி நடந்தாள். எத்தனை கோயில் ஏறி இறங்கினாள் என்று கேட்காதீர்கள், அவளே எண்ணுவதை விட்டுவிட்டாள். எந்தக் கோயிலிலும் அவள் சாமியைப் பார்க்கவில்லை. கும்பிடுகிறவர்களின் முகத்தைத்தான் பார்த்தாள்.

தேவல்கோட்டின் படிகளில் பல்லக்கு எதிரே வந்தது. முன்தண்டில், இடதுபக்கம், எலும்பும் தோலுமாக ஆவுடையப்பன்.

"ஏளா பேராச்சி! நீயா?"

"நாந்தான். இது என்ன கோலம்?"

"ஒரு கெழவர் தடுக்கி விழப் போனாரு. ஒரு நிமிசம் தோள் குடுத்தேன். மூணு வருசம் ஆச்சு."

"அந்தக் கெழவர் எங்க?"

"கும்பிட்டுட்டு ஓடிட்டாரு."

பேராச்சி பதறித் தன் தோளைக் கொண்டுபோனாள். அவன் கத்தினான். "வேண்டாம்ளா! ஒட்டிக்கிடும். பக்கத்துல நட, அது போதும். நாளைக்குப் பனி விழும்னு சொல்லுதாவ. பனியில என் காலு நிக்காது. நான் விழுந்தா பல்லக்கு விழும். நாலு பேரும் கல்லு."

ஒரு நாள்தான் இருந்தது. அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை. இருந்தாலும் கல் பொறுக்கினாள். ஆள் உயரத்தில் இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லை ஏற்றினாள். வேடிக்கை பார்த்தவர்கள் என்ன இது என்று கேட்டார்கள். (அவள் பேசியது அவர்களுக்கு எப்படிப் புரிந்தது என்று குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். இது கதை.)

"சுமைதாங்கி. எங்க ஊர்ல வயித்துப் பிள்ளையோட ஒருத்தி செத்துப்போனா, அவ பேர்ல வழியோரம் இதை நடுவோம். அவ இறக்காத சுமைய, வழியில போறவங்களாவது இறக்கி வைக்கட்டும்னு."

பல்லக்கு கிட்டே வந்தது. சுமைதாங்கி மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

பேராச்சிக்குக் காரணம் தெரிந்துபோனது. பேர் சொல்லாமல் நட்ட கல் எப்படி நிற்கும்? "இந்த ஊர்ல வயித்துச் சுமையோட செத்தவ யாரு?" என்று கேட்டாள். "அப்படி யாரும் இல்லை" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கொஞ்சம் அதிக வேகமாகவே சொன்னார்கள்.

அவள் கீழ்க்கோயிலுக்குப் போய்க் கல் நந்தியின்மேல் சாய்ந்தாள். நந்தி பேசியது.

"களைத்தவளே, நானும் களைத்தவன்தான். பிள்ளை வேண்டும், பசு வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் நாசமாகப் போகவேண்டும் என்று என் காதில் ஓதாதவர்கள் இல்லை. நீ என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை."

"நான் கேக்கேன். என்ன பாத்திய?"

"ஏழு வருஷத்துக்கு முன்பு, திருவிழா நாள். பைரூ தன் நிறைமாத மனைவியை முதுகில் சுமந்து வந்தான். வலி கண்டுவிட்டது, இறக்கி வைக்க இடம் கொடுங்கள் என்றான். 'பல்லக்கு வருகிறது, ஒதுங்கு!' என்றார்கள். மேலே ஏறினான்."

நடுக்கோயிலுக்கு ஏறினாள். கல் கருடன் பேசியது. "களைத்தவளே, நானும் களைத்தவன்தான். இங்கேயும் கேட்டான். 'பல்லக்கு வருகிறது, ஒதுங்கு!' என்றார்கள். மேலே ஏறினான்."

உச்சிக்கு ஏறினாள். தேவியின் கல் சிங்கம் பேசியது. "களைத்தவளே, நானும் களைத்தவன்தான். இங்கேயும் கேட்டான். 'பல்லக்கு வருகிறது, ஒதுங்கு!' என்றார்கள். அவன் முதுகிலேயே அவள் மூச்சு நின்றது, பிள்ளையோடு. பேர் சரூலி. அதன்பிறகுதான் அவன் சாபம் போட்டான்."

மறுநாள் காலை வானம் மூடிக் கிடந்தது. பேராச்சி ஊரைக் கூட்டினாள். "சரூலிக்குக் கல் நடணும். ஊரே சேந்து நடணும்" என்றாள்.

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். பூசாரி மட்டும் துள்ளினார். "மந்திரவாதி பெண்டாட்டிக்குக் கல்லா? அதுவும் தேவியின் வழியிலா?"

பேராச்சிக்குக் கோபம் வந்தது. களைத்தவர்களின் கோபம் சத்தம் போடாது. "ஐயா, தேவியும் ஏழு வருசமா எறங்கல. அவ கால் மரத்துப் போயிருக்காதா? ஊர் பேர் தெரியாத என் வீட்டுக்காரர் ஒங்களுக்குத் தோள் குடுத்தாரு. நான் ஒங்க தோளைக் கேக்கல. ஒரு பேரைச் சொல்லச் சொல்லுதேன்."

முதல் பனி விழுந்தது. அப்போது செம்புப் பாத்திரம் அடிப்பவன் மனைவி பார்வதா முன்னே வந்தாள். "அன்னிக்கு எங்க வாசல்லதான் அவ தண்ணி கேட்டா. பல்லக்குக்குப் பூப் போட்டுட்டு வர்றேன்னு போனேன்" என்று சொல்லி அழுதாள். அழுதுகொண்டே ஒரு கல்லைப் புரட்டினாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ராஜா வந்தார். கடைசியில் பூசாரியும் வந்தார்.

கீழ்க்கோயில் பக்கத்திலிருந்து ஒரு கல், நடுக்கோயில் பக்கத்திலிருந்து ஒரு கல், குறுக்கே போட உச்சியிலிருந்து ஒரு கல். போட்டு முடிப்பதற்கும் பல்லக்கு வருவதற்கும் சரியாக இருந்தது. படியெல்லாம் பனி. ஆவுடையப்பனின் கால் வழுக்கியது. பல்லக்கு சாய்ந்தது.

"சரூலி!" என்றாள் பேராச்சி.

"சரூலி!" என்றது ஊர்.

சாய்ந்த பல்லக்கு குறுக்குக் கல்லின்மேல் போய் உட்கார்ந்தது. எல்லோரும் கல்லையே பார்த்தார்கள். கல் இறங்கவில்லை. ஒரு நெல்மணி அளவுகூட இறங்கவில்லை. நாலு பேரின் தோளையும் தண்டு விட்டது.

பெரிய ஆரவாரம் எழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நாலு பேரும் அப்படியே பனியில் உட்கார்ந்தார்கள். பிறகு, பல்லக்குக்குப் பின்னாலிருந்து முதுகு வளைந்த ஒருவன் வந்தான். பைரூதான். சாபம் போட்டவனையும் சாபம் விடவில்லை. ஏழு வருஷமும் யார் கண்ணிலும் படாமல் பல்லக்கின் பின்னாலேயே நடந்திருக்கிறான்.

அவன் சுமைதாங்கியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அதற்கு முதுகைக் காட்டி நின்று, முதுகில் இருப்பவளுக்கு அடிபடாமல் இறக்குகிறவனைப்போல, மெள்ளச் சாய்ந்தான். நிமிர்ந்தபோது முதுகு நேராகியிருந்தது. பார்வதா அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான். ஊரில் யாரும் ஒதுங்கு என்று சொல்லவில்லை.

ராஜா தட்டுத் தட்டாகப் பட்டும் பொன்னும் எடுத்துக்கொண்டு, மேளம் முழங்க, பேராச்சியைத் தேடி வந்தார். அவள் நாராயணன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆவுடையப்பனின் தலை.

"தாயே, என்ன வேண்டும் கேள்!" என்றார் ராஜா.

பேராச்சி விரலை உதட்டில் வைத்தாள். "மேளத்தை நிறுத்தச் சொல்லுங்க ராசா. மூணு வருசம் கழிச்சு இப்பத்தான் படுத்துத் தூங்குதாரு."

மேளம் நின்றது. அவன் மூன்று பகல், மூன்று இரவு தூங்கினான். எழுந்து, சோறு தின்று, மறுபடியும் தூங்கினான். அவர்களுக்கு இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்ததுபோல, கதை கேட்ட உங்களுக்கும் கிடைக்கட்டும், சொன்ன எனக்கும் கிடைக்கட்டும்.