இரண்டு கேமராவும் ஒரு பால்கனியும்

இந்தக் கதையில் சீடருக்கு வயது அறுபதுக்கு மேல். குருவுக்கு அதில் பாதிதான் இருக்கும்.

சீடரின் பெயர் சென்னியப்பன். நூல் மில்லில் தரப் பரிசோதனைப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழுத்து, முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த தீபாவளி வேட்டிக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

குருவின் பெயர் ரெஹானா. சூலூரில் கேமரா வாடகைக்கு விடும் சின்னக் கடை அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரிய குளத்தின் கரையில், வந்தவர்களுக்கெல்லாம் பறவைப் படம் எடுக்கச் சொல்லித் தருவார். சென்னியப்பன் முதல் நாளே அவரை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். "பேரைச் சொல்லியே கூப்பிடுங்க ஐயா" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கவில்லை.

வாரம் தவறாமல் ஒரே கேள்வியோடு வருவார்.

"டீச்சர், மிரர்லெஸ் வாங்கறதுங்களா, சூப்பர்ஜூம் வாங்கறதுங்களா?"

"அக்கட்ட பாருங்க ஐயா, முக்குளிப்பான் வருது" என்று ரெஹானா பேச்சை மாற்றிவிடுவார்.

கேட்பவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றி மாட்டலாம். படம் பளிச்சென்று வரும், இறகுக்கு இறகு தெரியும். ஆனால் தூரத்துப் பறவைக்குப் பெரிய லென்ஸ் வேண்டும், அதைத் தூக்கித் திரியத் தோளில் தெம்பு வேண்டும். சூப்பர்ஜூம் அப்படியில்லை. லென்ஸ் உடம்போடு ஒட்டியது, எடை குறைவு. பொத்தானைத் தள்ளினால் எதிர்க்கரைப் பறவை மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். வெளிச்சம் குறைந்தால் மட்டும் படம் மாவு மாதிரி குழைந்துவிடும். இதையெல்லாம் யூடியூபில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டுத்தான் மனிதர் குழம்பிப் போயிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஹானாவை வழிமறித்து நின்றுகொண்டார்.

"இன்னிக்கு நீங்க சொல்லாம விடறதா இல்லைங்க."

"யாருக்காகங்க ஐயா படம் எடுக்கறீங்க?"

"வீட்டுக்காரிக்குத்தானுங்க."

அப்போதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. அவர் மனைவி பூவாத்தாள் போன வருஷம் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. தடியை ஊன்றி நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவர் படியிறங்க மறுத்துவிட்டார். நாளெல்லாம் டிவிக்கு முன்னால் நாற்காலி, டிவியில் சத்தமும் கிடையாது.

"அதுக்கு முந்தி தெனமும் காலைல ரெண்டு பேரும் இந்தக் கரையிலதானுங்க நடப்போம். எந்தப் பறவையும் அவ கண்ணுக்குத்தான் முதல்ல படும். 'அதா'ன்னு கை காட்டுவா. நான் எங்க எங்கன்னு தேடறதுக்குள்ள அது பறந்திருக்கும். ஒரு திட்டு விழும்." சென்னியப்பன் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். "இப்பத் திட்டறதே இல்லைங்க டீச்சர். ஆள் வீட்டுல இருக்குது. அவளத்தான் காணோம்."

ரெஹானா கையிலிருந்த கேமராவை இறக்கிக் கழுத்தில் தொங்கவிட்டார்.

"அவ குளத்துக்கு வரமாட்டா. சரி, குளத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம்னு போன்ல படம் எடுத்துக் காட்டறேன்."

"பாத்துட்டு என்ன சொல்றாங்க?"

"'நல்லா இருக்குதுங்க'ன்னு சொல்றா."

"அப்பறம்?"

"போனைத் திருப்பிக் குடுத்துடறா. படத்துல தரம் பத்தலைங்க. என்ன இருந்தாலும் போன்ல எடுத்ததுதானுங்களே."

மில்லில் அவருக்குப் பழக்கமான கணக்கு அது. அனுப்பிய சரக்கு திரும்பி வந்தால் சரக்கில் குறை. வேறெங்கே தேடுவது?

ரெஹானா கடையிலிருந்து மிரர்லெஸ் கேமராவையும் பெரிய லென்ஸையும் எடுத்துவந்து கொடுத்தார். "ஒரு வாரம் வெச்சு எடுங்க."

சென்னியப்பன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றினார். முதுகுவலி வந்தது, நல்ல மீன்கொத்திப் படம் ஒன்றும் வந்தது. வீட்டில் டிவித் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்.

"ஏம்புள்ள, கழுத்துல ஒவ்வொரு முடியா எண்ணலாம் பாரு."

"நல்லா இருக்குதுங்க" என்றார் பூவாத்தாள். "காபி ஆறுது பாருங்க."

அடுத்த வாரம் ரெஹானா சூப்பர்ஜூமைக் கொடுத்தார். இந்த முறை எதிர்க்கரையில் இருந்த கூழைக்கடாப் பறவையின் கண் மட்டும் திரை முழுக்க வந்து நின்றது. சென்னியப்பனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"எத்தனை தூரத்துல இருந்து எடுத்தேன் தெரியுமா புள்ள?"

"நல்லா இருக்குதுங்க."

மறு ஞாயிறு சீடர் தொங்கிய முகத்தோடு குளக்கரைக்கு வந்து சேர்ந்தார்.

"ரெண்டும் பெயிலுங்க டீச்சர். இதைவிடப் பெருசா ஏதாச்சும் இருக்குங்களா?"

ரெஹானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "சாயங்காலம் வீட்டுக்கு வர்றேங்க ஐயா. அம்மாவைப் பாக்கணும். ரெண்டு கேமராவும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

வீடு குளத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மேட்டுத் தெருவில் முதல் மாடியில் இருந்தது. பூவாத்தாள் நாற்காலியில் இருந்தபடியே வரவேற்றார்.

"வா அம்மிணி, உக்காரு. வாயைத் தொறந்தா உன்ற பேச்சுத்தான் இவருக்கு."

நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஆனால் ஒவ்வொரு பேச்சும் இரண்டு வார்த்தையில் முடிந்தது. ரெஹானா டீயைக் குடித்துக்கொண்டே வீட்டைப் பார்த்தார். பூவாத்தாளின் நாற்காலி டிவி மாட்டிய சுவரைப் பார்த்துக் கிடந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் பால்கனிக் கதவு சாத்தியிருந்தது.

சென்னியப்பன் படங்களைக் காட்ட டிவி ரிமோட்டைத் தேடினார். ரெஹானா அவரைக் கண்டுகொள்ளாமல் எழுந்துபோய்ப் பால்கனிக் கதவைத் திறந்தார்.

"அம்மா, அந்த செல்போன் டவர் உச்சியில கூடு மாதிரி என்னமோ இருக்குது. எனக்குச் சரியாத் தெரியலை. சித்தெ பாத்துச் சொல்றீங்களா?"

சூப்பர்ஜூமை ஆன் செய்து பூவாத்தாளின் மடியில் வைத்தார்.

"எனக்கு எதுக்கு அம்மிணி இதெல்லாம்? இவரைப் பாக்கச் சொல்லு."

சென்னியப்பன் உடனே கையை நீட்டினார். அந்த மனிதரை என்ன சொல்வது!

"ஐயா," என்றார் ரெஹானா, "எனக்கு இன்னொரு டீ கெடைக்குங்களா?"

"இப்பத்தானுங்க குடிச்சீங்க?"

"நல்லா இருந்துச்சுங்க."

சென்னியப்பன் முனகிக்கொண்டே அடுக்களைக்குப் போனார். பாலை அடுப்பில் வைத்தார். கூடத்தில் பேச்சுச் சத்தமே இல்லை. பிறகு நாற்காலி இழுபடும் ஓசை. தடி தரையில் தட்டும் ஓசை. பால் பொங்கி வரும் நேரத்தில் ஒரு கத்தல் கேட்டது.

"ஏனுங்க! அடுப்பை நிறுத்திட்டு ஓடியாங்க!"

மறுபடியும் விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தார். பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

பூவாத்தாள் விழவில்லை. பால்கனிச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, கேமராவில் கண்ணை வைத்து நின்றுகொண்டிருந்தார். தடி ஓரமாகச் சாய்ந்து கிடந்தது.

"பருந்துக் கூடுங்க. உள்ளிருந்து ரெண்டு குஞ்சு எட்டிப் பாக்குது. தாய் அந்தாண்டக் கம்பியில உக்காந்துக்கிட்டு என்னையவே முறைக்குது."

"எங்க புள்ள?"

"அதா."

"எங்க?"

"என்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது, இன்னிக்குத் தெரியறதுக்கு! கண்ணை எங்கதான் வெச்சிருக்கறீங்களோ."

சென்னியப்பன் அசையாமல் நின்றார். இந்தத் திட்டைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது! கூடு அவர் கண்ணுக்கு இப்போதும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கும்போது எப்படித் தெரியும்?

பூவாத்தாளுக்கு அவரைக் கவனிக்க நேரமில்லை. கேமரா டவரிலிருந்து இறங்கி ஊர்சுற்றப் போய்விட்டது. ரெஹானா காட்டிக் கொடுத்த பொத்தானை நடுநடுவே அழுத்திப் படமும் எடுத்தார். "அம்மிணி, கடைசி வீட்டுக்காரி வடகத்தைக் காயப் போட்டுட்டு மறந்துட்டா. காக்கா கும்பலா உக்காந்து தின்னுட்டு இருக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குரல் இறங்கி, "குளத்துக்கரை தெரியுது" என்றார்.

வெறும் கண்ணுக்கு அந்தக் கரை ஒரு கோடு. அதில் நடப்பவர்கள் எறும்பு.

டீயை மறந்து ரெஹானா கிளம்பினார். வாசல் வரை வந்த சென்னியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்போ சூப்பர்ஜூம்தான் நல்ல கேமராங்களா டீச்சர்?"

"அது அம்மாகிட்டயே இருக்கட்டுங்க. ஞாயித்துக்கெழமை நீங்க மிரர்லெஸ்ஸை எடுத்துட்டு வாங்க. பெரிய லென்ஸ் வேண்டாம், சின்னது ஒண்ணு நான் கொண்டு வர்றேன்."

"சின்னதுல தூரத்துப் பறவை சிக்காதுங்களே?"

"சிக்காதுங்க" என்று சொல்லிவிட்டு ரெஹானா படியிறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கரையில் பனி விலகி வெயில் ஏறிய நேரம். சென்னியப்பன் சின்ன லென்ஸோடு, எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஏனுங்க, அந்தச் சாயம் போன மஞ்சச் சட்டையவா போட்டுட்டுப் போனீங்க? தொவைச்ச சட்டை அடுக்கி வெச்சிருக்குதில்ல?"

சென்னியப்பன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. எது தன்னுடைய பால்கனி என்றுகூட அவருக்குப் பிடிபடவில்லை.

"அங்க பாக்காதீங்க. கையை ஆட்டுங்க... ஆ, நீங்கதான். சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. கோரைக்குள்ள செந்நாரை நிக்குது."

"எங்க புள்ள?"

"நீங்க ஒரு எட்டும் எடுத்து வெக்காமக் கேட்டா எப்படி? போங்க. மெதுவாப் போங்க. செருப்பைக் கழட்டுங்க."

செருப்பைக் கழற்றினார். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, பூனை நடை போட்டார். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் படம் எடுப்பதை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தார்கள்.

"இன்னும் சித்தெ. நில்லுங்க. குனியுங்க. இப்பப் பாருங்க."

பார்த்தார். கை எட்டும் தூரத்தில் செந்நாரை நின்றது. கழுத்தை வளைத்து, ஒற்றைக் கண்ணால் அவரையே அளந்துகொண்டிருந்தது. இவ்வளவு பக்கத்தில் ஒரு பறவையைச் சென்னியப்பன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. வாயைப் பிளந்தபடி நின்றார். கழுத்தில் கேமரா தொங்குவது நினைவுக்கு வந்து தூக்கியபோது, காதிலிருந்த போன் நழுவிச் சேற்றில் விழுந்தது. பொத்தானை அழுத்துவதற்குள் செந்நாரை எழும்பிவிட்டது.

போனைப் பொறுக்கித் துடைத்துக் காதில் வைத்தார்.

"விட்டாச்சா?"

"விட்டாச்சு புள்ள."

மறுமுனையில் பூவாத்தாள் சிரித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். அடக்கிவிட்டு, "அந்த வாயைத் தொறந்துட்டு நின்னீங்க பாருங்க" என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் மறுபடியும் சிரித்தார். சேற்றில் வெறுங்காலோடு நின்றபடி சென்னியப்பனும் சிரித்தார். மஞ்சள் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ரெஹானாவிடம் வந்து கேமராவின் திரையைக் காட்டினார். ஒரு மூலையில் இறக்கையின் நுனி, மற்றதெல்லாம் வெறும் வானம்.

"இன்னிக்கு ஒண்ணும் உருப்படியா இல்லைங்க டீச்சர். வீட்டுக்கு எதைக் கொண்டுபோய்க் காட்டறது?"

"ஒண்ணும் காட்ட வேண்டாங்க ஐயா. இன்னிக்குப் படம் அம்மாவோட கேமராவுல இருக்கும். நீங்க போய்ப் பாருங்க."

சென்னியப்பன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாலடி நடந்திருப்பார்.

"ஐயா."

"சொல்லுங்க டீச்சர்."

"பாத்துட்டு, 'நல்லா இருக்குது'ன்னு மட்டும் சொல்லிராதீங்க."