மகளும் மக்களும்

"என் மகளை இந்தக் கீபோர்டு மக்கள் ஆக்கிடுச்சும்மா!" என்று போனில் புலம்பினாள் பூங்கோதை.

மறுமுனையில் இருந்த குரு நிலோஃபருக்கு வயது இருபத்தாறு. கணினிக் கீபோர்டைக் கையாலேயே கட்டக் கற்றுக்கொடுப்பவள். சிஷ்யை பூங்கோதைக்கு நாற்பத்தொன்பது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் தட்டச்சு செய்து கொடுப்பவள்.

இந்த முறை பத்திரிகை சொந்த மகளுக்கு. தன் கையால் ஈயம் வைத்துப் பற்றவைத்த கீபோர்டில்தான் அடிப்பேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மாலை ஐந்துக்கு அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

"'அன்பு மகள்'னு அடிச்சா 'அன்பு மக்கள்'னு வருது."

"க ரெண்டு தடவை விழுது அக்கா. ஒரே எழுத்து ரெண்டு தடவை விழுந்தா, முதல் எழுத்துக்குப் புள்ளி தானா வந்துடும்."

"நான் ஒரு தடவைதான் தட்டுறேன். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"சரி, என்ன செஞ்சீங்க?"

"கீபோர்டு சிப்புல ஏத்துற நிரல்ல ஒரு விதி எழுதினேன். மக்கள்னு வந்தா மகள்னு மாத்துன்னு."

"மாத்துச்சா?"

"மாத்துச்சு. ஆனா மாப்பிள்ளை 'மணமக்கன்' ஆயிட்டார். 'மக்கள் நல மன்றம்' நோட்டீஸ் 'மகள் நல மன்றம்'னு போயிடுச்சு. தலைவர் கத்துறார்."

நிலோஃபர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"நிரல்ல வேற எதையாவது தொட்டீங்களா?"

"தட்டினதும் அஞ்சு மில்லிசெகண்டு சும்மா காத்திருக்கும்னு ஒரு வரி. எதுக்கு வீணான்னு சைபர் போட்டேன்."

"நேர்ல வாங்க அக்கா."

கீபோர்டையும் மடிக்கணினியையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்தாள். கதவைத் தட்டினாள். மூச்சு விடாமல் மறுபடி மறுபடி தட்டினாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

மேசைமேல் ஆவி பறக்கப் பதினொரு டம்ளர் டீ.

"இத்தனை டீ யாருக்கு?"

"வந்தவங்களுக்கு. பதினொரு தட்டு கேட்டுச்சு."

"நான் ஒருத்திதானே!"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தட்டுக்கு ஒரு டம்ளர் வெச்சேன்."

"முதல் தட்டு கேட்டதும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கக் கூடாதா நீ?"

நிலோஃபர் டீயை ஊதினாள்.

பூங்கோதை தன் விரல் முட்டியைப் பார்த்தாள். பையிலிருந்த கீபோர்டைப் பார்த்தாள்.

"க-வுக்கு உள்ள இருக்கிற தகடும்... என் கை மாதிரியே துள்ளுதா? அது அடங்கத்தான் அந்த அஞ்சு மில்லிசெகண்டா?"

நிலோஃபர் ஒரு வாய் குடித்தாள்.

பூங்கோதை மடிக்கணினியைத் திறந்தாள். தான் எழுதிய விதியை அழித்தாள். சைபரையும் அழித்தாள். ஐந்து போட்டாள். நிரலை ஏற்றினாள்.

க-வை ஒரே ஒரு முறை தட்டினாள்.

அன்பு மகள்.

"வந்துட்டா!" என்று குதித்தாள். "என் பொண்ணு வந்துட்டா!"

மணி மூன்றரைதான் ஆகியிருந்தது.

"அது சரி. மிச்ச டீ ஆறுதே அக்கா, யார் குடிக்கிறது?"

பூங்கோதை ஜன்னலைத் திறந்தாள். தெருவைப் பார்த்துக் கைதட்டினாள்.

"மக்களே!"