மணல்திட்டில் ஒரு குட்டிச் சாமி

"நான் பரிசல்ல வரலீங்க சாமி," என்றான் செங்கோடன்.

காவிரி நடுவே ஒரு திட்டு. சுள்ளி பொறுக்க வந்த மடத்துப் பிள்ளைகள் ஏழு பேர், திடீர் வெள்ளத்தில் மூன்று நாளாக அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்தவன் செங்கோடன். பதின்மூன்று வயது. அவன்தான் தலைவன்.

நான்காம் நாள் காலையில் வெள்ளம் சற்று அடங்கியது. மடத்துச் சாமியார் பரிசலோடு வந்து சேர்ந்தார். ஆறு பிள்ளைகளும் விழுந்தடித்துக்கொண்டு ஏறினார்கள். தலைவன் மட்டும் மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏண்டா?"

"நான் ஏறுனா தையல் எறங்கிக்குவாளாம்."

"ஆமா, எறங்கிக்குவேன்!" என்று பரிசலிலிருந்து குரல் வந்தது. தையலுக்கு ஆறு வயது. குரலுக்கு மட்டும் அறுபது இருக்கும்.

பரிசல்காரர் வானத்தைப் பார்த்தார். "மேக்க இருட்டிக்கிட்டு வருதுங்க சாமி. இன்னொரு நடை என்னால வர முடியாதுங்க."

சாமியார் செங்கோடனைப் பார்த்தார்.

"அப்படி என்னடா பண்ணுனே?"

"மடத்துல கேள்வி கேட்டா நீங்க பண்றதைத்தானுங்க பண்ணுனேன்."

"நான் என்ன பண்றேன்?"

"மொத நாளு, 'எங்கண்ணா படுக்கறது?'ன்னு கேட்டாங்க. 'தூக்கம் தரையில இருக்கா, கண்ணுல இருக்கா?'ன்னேன்."

"அப்புறம்?"

"யோசிச்சுக்கிட்டே கரையோரமாப் படுத்துட்டாங்க. விடியறப்ப தண்ணி ஏறி, அவல் மூட்டையைக் கொண்டுக்கிட்டுப் போயிருச்சுங்க."

சாமியாருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார்.

"மறுநாளு, 'தீ அணையுதே, என்ன பண்ண?'ன்னாங்க. நான் கண்ணை மூடிச் சிரிச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"தீ அணையற வரைக்குமுங்க."

இந்த முறை அடக்க முடியவில்லை. தாடி குலுங்கச் சிரித்தார். செங்கோடன் சிரிக்கவில்லை.

"நேத்துக் காலையில தையல் ஏதோ செவப்புப் பழம் கொண்டாந்தா. 'தின்னலாமா அண்ணா?'ன்னா. 'கேக்கறது நாக்கா, வயிறா?'ன்னேன்."

"என்ன சொன்னா?"

"'நாக்கு'ன்னு சொல்லிட்டுத் தின்னுட்டா. பொழுதுக்கும் வாந்தி."

சாமியாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"செத்துப்போயிருவாளோன்னு பயந்துட்டேனுங்க. அப்பக்கூட, 'அது என்ன பழம்னு எனக்குத் தெரியாது'ன்னு சொல்ல வாய் வரலீங்க சாமி." சொல்லிவிட்டு அழத் தொடங்கினான்.

மூன்று நாளும் அவன் அழவே இல்லை. தலைவன் அழலாமா என்ற வீம்பு. இப்போது மூக்கு, கண், வாய் எல்லாம் சேர்ந்து ஒழுகிற்று.

"இப்ப நான் என்ன பண்ணோணும் சாமி?"

"போயி அவகிட்ட மன்னிப்புக் கேளு."

செங்கோடன் மேலும் ஏதாவது வருமென்று காத்திருந்தான்.

"அதுக்கு உள்ளர்த்தம் என்னங்க?"

"மன்னிப்புக் கேக்கறதுதான். எந்திரி, மழை வருது."

எழுந்து போனான். தண்ணீரில் இறங்கிப் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தப்புப் பண்ணிட்டேன் தையலு. எனக்கு அந்தப் பழத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். மன்னிச்சுக்க."

தையல் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தீயைப் பத்தி?"

"அதுவும் தெரியாது."

"இதை அப்பவே சொல்லியிருந்தா, எல்லாருமாச் சேந்து யோசிச்சிருப்பமல்லோ?" என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். செங்கோடன் ஏறி அவள் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டான். அவள் தன் பாவாடை நுனியால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

சாமியார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைக்கப் போனார்.

தையலின் கை குறுக்கே நீண்டது.

"சாமி, அண்ணனுக்கு இப்படியெல்லாம் பேசச் சொல்லிக்குடுத்தது ஆரு?"

பரிசல்காரர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேற்கே இடி உருண்டது.

சாமியார் தூக்கிய காலைக் கீழே வைத்தார். முழங்கால் தண்ணீரில் நின்று கைகூப்பினார்.

"நான்தான் தாயி. மன்னிச்சுக்க. ஏறிக்கட்டுமா?"