பெரிய வெள்ளியில் ஒலித்த மணி

கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாய்மர வள்ளங்கள் ஓடிய காலம். மணற்குடிச் சவேரியார் கோயிலும் சிப்பியூர் மாதா கோயிலும் பங்காளிச் சண்டையில் பிறந்தவை. மணற்குடியார் மணி வாங்கிய பட்டறையிலேயே சிப்பியூராரும் வாங்கினார்கள். கண்ணை மூடிக் கேட்டால் எது எந்த மணி என்று வார்த்தவனுக்கும் தெரியாது. ஒன்று ஒலித்தால் மற்றது பதிலுக்கு ஒலிக்காமல் விடாது. இரண்டு ஊருக்கும் நடுவே கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு. மூட்டத்தில் ஒரே மணியைக் குறிவைத்து வந்தால் கரை சேரலாம். இரண்டையும் கேட்டுக் குழம்பிய வள்ளம் அந்தப் பாறையில் சிதறியதுண்டு.

அன்று பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். வியாழன் பூசையிலிருந்து ஈஸ்டர் வரை எந்தக் கோயிலிலும் மணி அடிக்கக் கூடாது. மரக்கட்டையைத் தட்டித்தான் சனத்தைக் கூப்பிடுவார்கள். சாயங்காலம் கடல்மேல் மழைமூட்டம் இறங்கியது. மணற்குடியில் மணியடிக்கும் கோயில்பிள்ளை வியாகப்பனின் மகன் ததேயு இன்னும் கடலிலிருந்து திரும்பவில்லை.

"சாமி, மணிக்கூண்டுச் சாவியக் கொடுங்க."

"ஆண்டவர் கல்லறையில கிடக்கிறாரு வியாகப்பா. இன்னைக்கு மணியா?"

"எம் மவன் கடல்ல கிடக்கான் சாமி."

பங்குச் சாமியார் சாவியைக் கொடுக்கவில்லை. வேலை போகும் என்று தெரிந்தே வியாகப்பன் பூட்டை உடைத்தான்.

கயிற்றை இழுத்த பிறகுதான் நெஞ்சில் உறைத்தது. சிப்பியூரான் பதிலுக்கு அடித்தால்? மகன் நேரே பாறைக்குத்தான் போவான். நிறுத்தவும் பயம், அடிக்கவும் பயம். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அங்கே நடந்தது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. சிப்பியூர்க் கோயில்பிள்ளை மரியசிலுவையை ஊரே சூழ்ந்துகொண்டது.

"அவன் அடிச்சிட்டான், நீரு என்னவே கையக் கட்டிக்கிட்டு நிக்கீரு? நம்ம மணிக்குச் சளி பிடிச்சிருக்கோ?"

"பெரிய வெள்ளி. அடிக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் மணிக்கூண்டில் ஏறிப்போனான்.

இருட்டுவதற்குள் வள்ளம் மணற்குடிக் கரை சேர்ந்தது. ததேயு மணலில் முழங்கால் போட்டான்.

"என்னையக் கரை சேத்தவரு கையாலதான் இந்த வருசம் சவேரியார் திருவிழாக் கொடி ஏறணும். நேந்துக்கிட்டு வந்திருக்கேன்."

எல்லாரும் வியாகப்பனைப் பார்த்தார்கள். அப்போது மரியசிலுவை மூச்சிரைக்க ஓடிவந்து நின்றான். கக்கத்தில் ஒரு கனத்த இரும்பு. அவனுடைய கோயில் மணிக்குள் தொங்கும் நாக்கு அது.

விதியை மீறி அடித்தவன் ஒருவன். விதியைச் சொல்லி அடிக்காமல் இருந்தவன் ஒருவன். கொடிக்கயிறு யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: விதிக்காக மட்டும் சும்மா இருந்தவன் நாக்கைக் கழற்றியிருக்க மாட்டான். பெரிய வெள்ளியில் மணி கேட்டால் கடலில் யாரோ தத்தளிக்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. தன் ஊரான் எவனும் பதிலுக்கு அடித்துவிடக் கூடாதென்று கழற்றினான். வியாகப்பன் அடித்தது பெற்ற பிள்ளைக்காக. இவன் ஏச்சு வாங்கியது யார் பெற்ற பிள்ளைக்கோ. திருவிழா அன்று, வேலை போயிருந்த வியாகப்பனே கொடிக்கயிற்றை மரியசிலுவையின் கையில் திணித்தான்.

"நான் அடிச்சேன்வே. வழி சொன்னது உம்ம மணிதான்."