கயிற்றுக்குள் அடங்கிய அரண்மனை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் எனக்கும் தெரியாது, ஓர் அரசனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தவமிருந்து பெற்ற பிள்ளை. அதன்மேல் ஓர் ஈ உட்கார்ந்தால், நாட்டிலுள்ள ஈக்களை எல்லாம் நாடு கடத்தலாமா என்று யோசிக்கிற அளவுக்கு அரசனுக்குப் பாசம்.

அரண்மனைக்கு அடுத்தாற்போல் நெசவாளர் தெரு. தெருக்கோடியில் ஒரு பொட்டல். விளக்கு வைக்கும் நேரத்தில் தறியை விட்டு எழுந்தவர்கள் அங்கே நூற்கயிற்றை வட்டமாகக் கட்டுவார்கள். கயிற்றுக்குள் இருப்பதுதான் கூத்துக் களம். கூட்டம் பெருகினால் கயிற்றை நீட்டுவார்கள், குறைந்தால் சுருக்குவார்கள். மத்தளம் தட்டி ஆடிப் பாடி, பிள்ளைகள் கண்ணயரும் வேளைக்குக் கலைந்துவிடுவார்கள்.

அந்தப் பொட்டல்மேல் மந்திரி தந்திரபாலருக்கு வெகுநாளாக ஒரு கண். தன் மாளிகைக்கு அங்கே பூந்தோட்டம் போட ஆசை. இளவரசன் பிறந்ததும் அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

"அரசே, இந்த மத்தளச் சத்தத்தில் இளவரசர் எப்படி உறங்குவார்? ஓசை கயிற்றைத் தாண்டலாகாது என்று ஆணையிடுங்கள். தாண்டினால், கயிற்றுக்குள் உள்ள இடம் முழுவதையும் அடியேனுக்கு அளித்தருளுங்கள்" என்றார்.

பிள்ளைப் பாசத்தில் இருந்த அரசன் அப்படியே ஆணையிட்டான். மத்தளம் அன்றே நின்றது. ஆனால் அன்று முதல், அந்தி சாய்ந்தால் குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. வைத்தியர் வயிற்றுவலி என்றார். சோதிடர் கிரகம் என்றார். குழந்தை இருவரையும் மதிக்கவில்லை.

இதற்கிடையில், கூத்தில் ராணி வேடம் கட்டும் நெசவுக்காரி காத்தாயி, அரசவை விகடன் இடும்பனைத் தேடி வந்தாள்.

"பகலெல்லாம் தறிக்குழியில காலு. அந்தி சாஞ்சா ஒரு நாழிகை நேரம் நான் பட்டத்து ராணி. அதையும் பறிச்சிட்டா மறுநாள் தறியில எப்படிங்க உக்கார்றது?" என்று கேட்டாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்தவள்தான், முடியவில்லை.

இடும்பன் அரண்மனை மதிலை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாயே, உங்கள் தெருவில் நூல் எவ்வளவு இருக்கும்?" என்றான்.

"எங்க தெருவுல நூலுக்கா பஞ்சம்?"

மறுநாள் தெருவே சேர்ந்து கயிறு முறுக்கியது. பொட்டலில் தொடங்கிய கயிறு யானைக்கொட்டிலைச் சுற்றி, நந்தவனத்தைச் சுற்றி, அரண்மனையையும் முழுதாக வளைத்துக்கொண்டு திரும்பி வந்தது. மந்திரியின் மாளிகையை மட்டும் பத்திரமாக வெளியே விட்டிருந்தார்கள். காவலர்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "கயிறு கட்டுகிறோம்" என்று இடும்பன் உள்ளதைச் சொன்னான். அதற்குமேல் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

விளக்கு வைத்ததும் மத்தளம் முழங்கியது. அரசன் கோபத்தோடு பொட்டலுக்கு விரைந்து வந்தான். தந்திரபாலரும் மேல்துண்டு நழுவ ஓடி வந்தார்.

"அரசே, ஓசை கயிற்றைத் தாண்டிவிட்டது. என் மாளிகை வரை கணீரென்று கேட்டது. ஆணைப்படி இடம் என்னுடையது" என்றார்.

இடும்பன் பணிவாகக் குனிந்தான். "மந்திரியார் பொய் சொல்ல மாட்டார், அரசே. கயிற்றுக்குள் உள்ள இடம் அனைத்தும் இனி அவருடையதே. தங்கள் சிங்காதனத்தை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்."

அரசன் கயிறு போன வழியைக் கண்ணால் தொடர்ந்தான். பிறகு மெல்லத் திரும்பி மந்திரியைப் பார்த்தான். தந்திரபாலரின் முகம் வெளுத்தது.

"எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அரசே. கொஞ்ச நாளாகவே காது மந்தம்" என்றார்.

"மந்திரி போகட்டும். கயிற்றுக்குள் என் மகனும் அல்லவா இருக்கிறான்? அவன் தூக்கத்துக்கு யார் பொறுப்பு?" என்று அரசன் அதட்டினான்.

அப்போது அரசி குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வந்து, உதட்டில் விரல் வைத்தாள். குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"மெதுவாகப் பேசுங்கள், சுவாமி. இவன் வயிற்றில் இருந்த நாளெல்லாம் அந்தியில் சாளரத்தில் அமர்ந்து இந்த மத்தளத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இது நின்றதால் அல்லவா பிள்ளை ஏங்கிப்போனான்? தாயாக இருந்தும் எனக்குக்கூடத் தோன்றவில்லை" என்றாள்.

அரசனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பிள்ளை விழித்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையை இடும்பன் கழுத்தில் போட்டான். இனி விளக்கு வைத்தால் மத்தளம் முழங்கியே ஆகவேண்டும், இளவரசன் தூங்கிய பிறகே நிற்கவேண்டும் என்று ஆணையை மாற்றினான். களத்து விளக்குகளுக்கு எண்ணெய் கொண்டுவரும் பொறுப்பு, காது மந்தமான மந்திரிக்குப் போனது.

பிறகு அரசன் மண்ணிலேயே உட்கார்ந்து, மகனை மடியில் வாங்கிக்கொண்டான். திரை விலகியது. காகிதக் கிரீடத்தோடு வந்த காத்தாயி அரசனைக் கண்டதும் ஆட்டத்தை மறந்து, கைகூப்பிக் குனியப் போனாள்.

"வேண்டாம் தாயே," என்றான் அரசன், குழந்தையை அணைத்தபடி எழுந்து வழிவிட்டு. "இந்தக் கயிற்றுக்குள் நீங்கள் அல்லவா ராணி?"