உயிரோடு கேட்ட ஒப்பாரி

முன்னொரு காலத்தில் கருங்கோட்டைச் சீமையைச் சண்டப்பிரதாபன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் ஆண்டான், ஆண்டுகொண்டே இருந்தான். அவன் பட்டத்துக்கு வந்தபோது தொட்டிலில் கிடந்தவர்களுக்கெல்லாம் பல் விழுந்துபோயிற்று. அவன் மட்டும் சிம்மாசனத்தை விட்டு இறங்கவில்லை. இறங்கச் சொன்னவனெல்லாம் கழுமரம் ஏறினான். அதோடு விட்டானா பாவி? தண்டனையில் செத்தவனுக்கு யாரும் அழக்கூடாது என்று தண்டோரா வேறு போட்டுவைத்திருந்தான். பெற்றவள் அழுதாலும் சவுக்கடிதான்.

அப்பேர்ப்பட்டவனுக்கும் கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. ராஜாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதும் குற்றம் என்பதால், ஊர் அதைக் கண்ணாலேயே பேசிக்கொண்டது.

படுக்கையில் கிடந்தவனுக்கு ஓர் ஆசை வந்தது. "நான் போன பிறகு ஜனங்கள் என்னைப் பற்றி என்ன சொல்வார்கள்? அது எனக்கு இப்போதே தெரிய வேண்டும்."

தளவாய் வீரபாகு முந்திக்கொண்டான். மந்திரி சாத்தப்பர் மேல் அவனுக்கு எப்போதும் வயிற்றெரிச்சல். ஒரு கூட்டத்தைப் பிடித்து வந்து சபையில் நிறுத்தினான். "எங்கள் தாயும் நீரே, தந்தையும் நீரே!" என்றது கூட்டம். மூச்சு விட்டதுகூட எல்லோரும் ஒரே இடத்தில்.

ராஜாவுக்கு உடம்புதான் கெட்டிருந்தது, மூளை கெடவில்லை. "ஏனய்யா வீரபாகு, ஒரு கிளிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் இன்னும் அழகாகச் சொல்லியிருக்குமே! சாத்தப்பரே, நீர் போய்க் கேட்டு வாரும். ஜனங்கள் மனதில் இருப்பது அப்படியே வர வேண்டும். பொய் வந்தால் உம் தலை இருக்காது."

"உண்மை வந்தால், அரசே?"

"சொன்னவன் தலை இருக்காது!" என்று சிரித்தான் வீரபாகு. ராஜா மறுக்கவில்லை.

சாத்தப்பர் தெருத்தெருவாக நடந்தார். "ராஜா எப்படியம்மா?" என்று கேட்டால், "இந்த வருஷம் வெயில் ஜாஸ்திங்க" என்றார்கள். "ஆட்சி எப்படி?" என்றால், பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடினார்கள். அடுப்பே மூட்டாத வீட்டிலும் பால் பொங்கியது!

சோர்ந்து திரும்பும் வழியில் ஓர் எழவு வீடு. செத்தவர் எண்ணெய் வியாபாரி, நிறைந்த வயசு, கல்யாணச் சாவு. ஆனால் அங்கே ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு மண்ணில் புரண்டு அழுதாள். வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்யும் பூவாயி.

"செத்தவர் உனக்கு என்ன உறவு தாயி?" என்று கேட்டார் மந்திரி.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அவரு மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்லைங்க. எம்மவனைக் கோட்டைவாசல்ல கழுவேத்திட்டாங்க. அவனுக்குத்தான் அழக்கூடாதே! அதான் எந்த ஊட்ல எழவுன்னாலும் ஓடியாந்து அழுதுக்கறேன். இங்க அழுவுற முக்காவாசிப் பேரு அப்படித்தான்."

சாத்தப்பர் நேரே அரண்மனைக்குப் போனார்.

"அரசே, உயிரோடிருக்கும் ராஜாவைப் பற்றி யாரும் மனம் திறக்க மாட்டார்கள். தாங்கள் பாடையில் படுத்துக்கொள்ளுங்கள், பெண்களை அழச் சொல்வோம். ஆனால் ஒன்று, ஒப்பாரியில் வரும் சொல்லுக்குத் தண்டனை கூடாது."

"எனக்கு அழுகிறவளை நான் ஏனய்யா தண்டிக்கப்போகிறேன்? கொடுத்தேன் வாக்கு!"

மந்திரி பூவாயியிடம் வந்து விஷயத்தைச் சொன்னார். "மனசுல இருக்கறதை அழு தாயி."

"ராஜா வாக்கு மாறிட்டா?"

"முதலில் போவது என் தலை."

பூவாயி தன்னைப்போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சபை நடுவே பாடை. அதில் ராஜா. பெண்கள் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்து தொடங்கினார்கள். அடேயப்பா, அந்த அழுகையில் தூணெல்லாம் அதிர்ந்தது! ராஜா ஒரு கண்ணைத் திறந்து, "பார்த்தாயா வீரபாகு, என்மேல் எத்தனை உயிர்!" என்று தானும் கலங்கினான்.

"கொடிக்காலுக்குத் தண்ணி கட்டின கையி, கோட்டைவாசல்ல வெறைச்சுப் போச்சே!" என்றாள் பூவாயி.

"நான் எப்போது தண்ணீர் கட்டினேன்?" என்று முணுமுணுத்தான் ராஜா.

"தாலி கட்டின மஞ்சள் ஈரம் காயலையே!" என்றாள் ஒரு சின்னப்பெண்.

ராஜா எழுந்து உட்கார்ந்தான். பாடையில் இருந்தவன் எழுந்ததைப் பார்த்தும் ஒருத்தியும் நிறுத்தவில்லை.

"சாத்தப்பரே, இவர்கள் யாருக்கு அழுகிறார்கள்?"

"தாங்கள் கொன்றவர்களுக்கு, அரசே. ஜனங்கள் மனதில் இருப்பதைக் கேட்டீர்கள். இதுதான் இருக்கிறது."

"துரோகம்! இவர்கள் நாக்கை அறுக்கிறேன்!" என்று வீரபாகு வாளை உருவினான்.

"பொறு. நான் வாக்கு மாறினேன் என்று நாளைக்கு ஊர் பேச வேண்டுமா?" என்ற ராஜா பூவாயி பக்கம் திரும்பினான். "எனக்கு அழ ஒருத்திகூட இல்லையா?"

பூவாயி மூக்கைச் சிந்தினாள். "இருந்தா கூப்பிடுங்க சாமி. நாங்க நவுந்து இடம் விடறோம்."

"வீரபாகு, நீ அழு" என்றான் ராஜா.

"ஐயோ, அரசே!" என்று தொண்டை கிழியக் கத்தினான் தளவாய். கண்ணில் பொட்டு ஈரமில்லை. அந்தக் கண்ணும் ராஜாவின் முத்திரை மோதிரத்தை விட்டு நகரவில்லை.

"போதும். நாய்கூட இதைவிட நன்றாக ஊளையிடும். இவன் வாளைப் பிடுங்கி வெளியே தள்ளுங்கள்! சாத்தப்பரே, வென்றுவிட்டீர். என்ன வேண்டும்?"

"செத்தவர்களுக்கு அழ இவர்களுக்கு அனுமதி வேண்டும், அரசே."

ராஜா மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தான் பாருங்கள், பொல்லாத சிரிப்பு! "நான் சாகும் அன்றைக்கு அழட்டும். எவன் பெயரைச் சொல்லி வேண்டுமானாலும் அழட்டும். தூரத்திலிருந்து கேட்கிறவனுக்கு எல்லாம் என் எழவுதானே!"

சாகப்போகிற நேரத்திலும் அவன் புத்தி போகவில்லையே!

ராஜா செத்தான். சீமை முழுக்க வாய்விட்டு அழுதது. வருஷக்கணக்கில் அடக்கிவைத்தது, லேசில் நிற்குமா? துக்கத்துக்கு வந்த அயல்நாட்டுத் தூதர்கள், "ஆகா, ஜனங்களுக்கு ராஜா மேல் எவ்வளவு அன்பு!" என்று ஓலையில் எழுதிக்கொண்டார்கள். ஒரு தூதன் பூவாயியிடம் குனிந்தான். "உங்கள் ராஜா மேல் அவ்வளவு பாசமா அம்மா?"

பூவாயி அவன் கையிலிருந்த எழுத்தாணியைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்மவன் பேரு சடையன்" என்றாள். "எழுதறதுன்னா அதை எழுதிக்கங்க ஐயா. எழுதிட்டு, பக்கத்துல இருக்கற இந்த அக்காகிட்டயும் கேளுங்க."

தூதன் எழுதியிருந்த ஓலையைக் கீழே வைத்துவிட்டு வேறு ஓலை எடுத்தான். அவன் கொண்டுவந்த ஓலை போதவில்லை.